எதிலிருந்து எதுவரை? தோட்டாவின் நீளமும் ஒரு நடராஜ் பென்சிலும்

இரவு பத்தரை மணிக்கு அக்கா மகன் டெக்சாஸிலிருந்து அழைத்தான். அங்கே அப்போது நண்பகல். சனிக்கிழமை என்றால் அவன் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து தன் துப்பாக்கிக்குத் தானே தோட்டா தயாரித்துக்கொண்டிருப்பான். அந்த நாட்டில் அது பலருக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு, நம் ஊரில் சிலர் மீன்தொட்டி வைத்துக்கொள்வதுபோல.

"மாமா, ஒரே அச்சு, ஒரே பெட்டிக் குண்டு, கைப்பிடியையும் ஒரே மாதிரிதான் அழுத்தினேன். பத்துத் தோட்டாவும் பத்து நீளம் காட்டுகின்றன. அச்சு கெட்டுவிட்டதா?"

நான் துப்பாக்கியைக் கையில் எடுத்தவன் இல்லை. பெங்களூரில் ஹலசூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவின் வீரர்கள் துப்பாக்கியோடு நடந்து போவதைப் பார்த்ததுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு. ஆனால் "பத்தும் பத்து நீளம் காட்டுகின்றன" என்ற புலம்பலை எனக்கு நன்றாகத் தெரியும். அதே ஊரின் பீன்யாவில், அச்சும் கருவிகளும் செய்யும் ஒரு டூல் ரூமில், இன்ஸ்பெக்ஷன் மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். ஷிப்டுக்கு ஒருவராவது இதையே சொல்லிக்கொண்டு வந்து நிற்பார். நானும் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். அவனிடமும் அதையே கேட்டேன்.

"எதிலிருந்து எதுவரை அளந்தாய், மாப்பிள்ளை?"

"அடியிலிருந்து முனைவரை. வேறு எப்படி அளப்பது?"

கோளாறு அந்த "வேறு எப்படி" என்பதில்தான் இருந்தது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே இது செய்முறைக் குறிப்பு அல்ல. நீளம் என்ற எளிய சொல்லுக்குள் எவ்வளவு சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டத் தோட்டாவைப்போல ஒரு நல்ல உதாரணம் எனக்கு வேறு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய பிரைமர் என்ற சிறு தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய வடிவத்துக்கு அழுத்திக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதுதான் ரீலோடிங். கடைசிக் கட்டத்தில், குண்டை அச்சால் அழுத்திக் கூட்டின் கழுத்துக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்ற கேள்வி வரும். அதில்தான் நீளம் தீர்மானமாகிறது.

அந்த ஆழம் ஏன் முக்கியம் என்று அவனையே சொல்லச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னான். துப்பாக்கிக் குழாயின் உட்சுவரில் திருகுபோலப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேடுகள் குண்டைப் பிடித்துச் சுழற்றி அனுப்பும். குழாயின் பின்பக்கத்தில் தோட்டா நிற்கும் இடத்துக்கு அறை என்று பெயர். தோட்டா அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது குண்டுக்கும் அந்த மேடுகளின் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும். சுட்டதும் குண்டு அந்த இடைவெளியைத் தாண்டித்தான் மேட்டில் ஏறுகிறது. இடைவெளி ஒவ்வொரு தோட்டாவுக்கும் மாறினால், குறியும் கொஞ்சம் மாறலாம். இடைவெளியே இல்லாமல் குண்டு மேட்டில் முட்டிக்கொண்டு நின்றால், அது நகரத் தொடங்கும் முன்பே உள்ளே அழுத்தம் ஏறிவிடும். பயந்துகொண்டு குண்டை மிக ஆழமாக இறக்கினாலும் தப்ப முடியாது. கூட்டுக்குள் மருந்துக்கான இடம் குறைந்து அப்போதும் அழுத்தம் கூடும். இரண்டு பக்கமும் ஆபத்து உள்ள அளவு இது. எங்கள் டூல் ரூமில் இப்படிப்பட்ட அளவுகளுக்கு வரைபடத்தில் தனி வட்டம் போட்டு வைப்பார்கள்.

அவன் செய்வது .308 வின்செஸ்டர் என்ற வகை. 1952இல் சந்தைக்கு வந்தது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI), இதன் மொத்த நீளம் 2.810 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் கணக்கில் 71.37 மில்லிமீட்டர். அங்கே ஆயிரத்தில் ஓர் அங்குலத்தைத்தான் அலகாகப் பேசுகிறார்கள். 'தௌ' என்பார்கள். ஒரு தௌ என்றால் 0.0254 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. என் மருமகனின் பத்துத் தோட்டாக்களில் மிகக் குட்டையானதற்கும் மிக நீளமானதற்கும் வித்தியாசம் 12 தௌ, அதாவது 0.3 மி.மீ. அவனைப் பொறுத்தவரை அது பேரிடி.

"மாப்பிள்ளை, உன்னைப் பள்ளிக்கூடத்தில் உயரம் அளந்தது நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைப்பார்கள். சுருட்டை முடிப் பையன் இரண்டு விரற்கடை உயரம் கூடிவிடுவான். மறுவாரம் முடி வெட்டிக்கொண்டு வந்தால் குட்டையாகிவிடுவான். பையன் வளரவும் இல்லை, குறையவும் இல்லை. விவரம் தெரிந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஸ்கேலை முடிக்குள் அழுத்தி மண்டையில் பட வைப்பார். தையற்காரர் இன்னும் கெட்டிக்காரர். சட்டைக்கு அளவெடுக்கும்போது அவர் தலைப் பக்கமே போவதில்லை. தோளிலிருந்துதான் நாடாவை விடுவார், ஏனென்றால் சட்டை தொங்கப்போவது தோளில்.

குண்டின் முனை அந்தச் சுருட்டை முடிதான். பந்தயத்துக்குச் சுடுபவர்கள் பயன்படுத்தும் குண்டில் செம்புக் கலவை உறையை அடியிலிருந்து முனையை நோக்கி இழுத்துக் குவிப்பார்கள். குவியும் இடத்தில் ஒரு சிறு துளை மிஞ்சும். அதன் விளிம்பு பிசிறாகத்தான் இருக்கும், கொழுக்கட்டையின் குவிந்த வாயைப்போல. ஒரே பெட்டியில் உள்ள குண்டுகளிலேயே அந்தப் பிசிறு ஒன்றில் தூக்கலாகவும் ஒன்றில் அடங்கியும் இருக்கும். வேட்டைக்கான சில குண்டுகளில் முனையில் ஈயம் வெளியே தெரியும். அது பெட்டிக்குள் உருண்டாலே நசுங்கும். ஆக, முனைவரை அளப்பவர் தன் வேலையை அளக்கவில்லை, குண்டு செய்தவரின் பிசிறை அளக்கிறார். முனைக்கும் துப்பாக்கிக்கும் ஓர் இடத்தில்தான் பேச்சு உண்டு. தோட்டா, துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மகசீனுக்குள் அடங்குமா என்பதற்கு முனைவரை உள்ள நீளம் வேண்டும். 2.810 என்ற எல்லையும் அந்த மொத்த நீளத்துக்குத்தான். அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முனைவரை அளப்பது சரியே. பத்துத் தோட்டாவும் ஒரே மாதிரி வந்திருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள அந்த அளவு உதவாது.

அப்படியானால் எதுவரை அளப்பது? தையற்காரரைக் கேட்டால் தோளைத்தான் காட்டுவார். குண்டு முனையிலிருந்து பின்னோக்கி வளைந்து வளைந்து தடித்து, ஓரிடத்தில் முழு விட்டத்தை அடைகிறது. அந்த வளைவுப் பகுதியை அவர்கள் ஓஜைவ் என்கிறார்கள். அந்த வளைவில், குழாய் மேடுகளின் உள்விட்டத்துக்குக் குண்டின் விட்டம் சமமாகும் ஓர் இடம் உண்டு. .308 வகையில் குண்டின் முழு விட்டம் 0.308 அங்குலம், மேடுகளுக்கு நடுவே உள்ள விட்டம் 0.300 அங்குலம். குண்டு முதலில் துப்பாக்கியைத் தொடுவது அந்த வளையத்தில்தான். எனவே கூட்டின் அடியிலிருந்து அந்த வளையம்வரை உள்ள தூரமே நமக்கு வேண்டிய நீளம்.

வளைவில் ஒரு புள்ளியை, வெர்னியர் என்ற அளவுக்கருவியின் தட்டையான இரண்டு தாடைகளால் பிடிக்க முடியாது. அதற்கு ஒரு சின்னத் தந்திரம் உண்டு. தொலைபேசியில் சொன்னால் அவனுக்குப் புரியவில்லை, காணொளி அழைப்புக்கு மாறினேன். பேத்தியின் பையிலிருந்து ஒரு நடராஜ் பென்சிலை எடுத்தேன், புதிதாகச் சீவியது. என் பழைய பெட்டியிலிருந்து ஒரு எம்6 நட்டை எடுத்தேன். அந்த நட்டின் துளை ஏறக்குறைய 5 மி.மீ., பென்சிலோ 7 மி.மீ. தடிமன். பென்சிலின் கூம்பு நட்டுக்குள் நுழைந்து, தன் விட்டம் 5 மி.மீ. ஆகும் இடத்தில் சிக்கி நின்றது. பென்சிலின் அடியிலிருந்து நட்டின் வெளிமுகம்வரை அளந்து காட்டினேன். பிறகு பென்சிலைக் கழற்றி, மேசையில் ஒரு குத்துக் குத்தி முனையை உடைத்தேன். மொத்த நீளம் இரண்டு மில்லிமீட்டர் போய்விட்டது. மறுபடி நட்டை மாட்டி அளந்தேன். முதலில் வந்த அளவே வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. பேத்திதான் பேசினாள்.

இந்த நட்டின் நாகரிகமான வடிவம்தான் கம்பாரேட்டர். குண்டின் விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய துளையுள்ள ஓர் உலோகத் துண்டு, வெர்னியரின் ஒரு தாடையில் திருகிக்கொள்ளலாம். நட் வடிவிலேயே செய்து விற்பவையும் உண்டு. தோட்டாவின் முனை துளைக்குள் மறைந்துவிடும், வளைவு துளையின் விளிம்பில் உட்காரும். பிசிறு எப்படி இருந்தால் நமக்கென்ன?

இங்கே ஆரம்பநிலையில் உள்ளவர்கள் வழுக்கி விழும் ஒரு குழி இருக்கிறது. கம்பாரேட்டர் காட்டும் எண் உண்மையான நீளம் அல்ல. அதன் துளை குழாயின் மேட்டு விட்டத்துக்கு மிகச் சரியாகச் சமமாக இருக்காது. துளை விளிம்பை எவ்வளவு மழுக்கியிருக்கிறார்கள் என்பதும் ஒன்றுக்கொன்று மாறும். ஒரு நிறுவனத்தின் கம்பாரேட்டர் காட்டும் எண்ணை இன்னொன்று காட்டாது. ஹலசூர் சந்தையில் பூ வாங்குபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூக்கார அம்மா முழம் போடுவது தன் கையால். ஒருவர் முழம் நீளம், இன்னொருவர் முழம் குட்டை. ஆனால் ஒரே அம்மாவிடம் தினமும் வாங்கினால், நேற்றைய முழமும் இன்றைய முழமும் ஒன்றுதான், விரலால் திருட்டுத்தனம் செய்யாதவரை. கம்பாரேட்டரும் அந்த அம்மாவின் கைதான். உன் நேற்றையத் தோட்டாவை உன் இன்றையத் தோட்டாவோடு ஒப்பிட அது போதும். பக்கத்து வீட்டுக்காரர் "என்னுடையது இத்தனை தௌ" என்று சொன்னால், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வந்து உன் அச்சைத் திருகாதே. அது அவருடைய முழம்.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பென்சிலை எடுத்து, ஒன்றை நீண்ட கூம்பாகவும் மற்றதை மொண்ணையாகவும் சீவி, இரண்டின் மொத்த நீளமும் ஒன்றாக இருக்குமாறு நறுக்குங்கள். நட்டை மாட்டினால், மொண்ணைப் பென்சிலில் நட் முனைக்கு மிக அருகில் நிற்கும். குண்டிலும் அப்படித்தான். மெலிந்த மூக்குள்ள குண்டையும் தடித்த மூக்குள்ள குண்டையும் ஒரே மொத்த நீளத்துக்கு இறக்கினால், முதலாவது மேட்டிலிருந்து தள்ளி நிற்கும்போது இரண்டாவது மேட்டில் போய் முட்டியிருக்கக்கூடும். கையேட்டில் போட்டிருக்கும் நீளம் அந்தக் குறிப்பிட்ட குண்டுக்கு மட்டும் என்று எச்சரிப்பதன் காரணம் இதுதான். குண்டை மாற்றிவிட்டுப் பழைய நீளத்தையே வைத்துக்கொள்பவர்களை நினைத்தால் எனக்குத் தொலைவிலிருந்தே நடுக்கம் வருகிறது.

மருமகன் கம்பாரேட்டர் வாங்கினான். அடுத்த சனிக்கிழமை மறுபடி அழைப்பு. "மாமா, 12 தௌ 5 தௌ ஆகிவிட்டது. ஆனால் ஒரே தோட்டாவை மூன்று தடவை அளந்தால் மூன்று எண் வருகிறது." இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஒரே பொருள் மூன்று எண் காட்டினால், இனி சந்தேகப்பட வேண்டியது பொருளை அல்ல, கையை.

டிஜிட்டல் வெர்னியரைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய வெர்னியரில் கோடுகளை உற்றுப் பார்த்து எந்தக் கோடு எதோடு சேர்கிறது என்று தேட வேண்டும். அந்தத் தேடலிலேயே "இது 0.02 மில்லிமீட்டருக்குமேல் நுணுக்கம் தராது" என்ற அடக்கம் வந்துவிடும். 1631இல் பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த அந்த ஏற்பாட்டில் ஒரு பணிவு இருந்தது. டிஜிட்டல் திரை கடைசி இலக்கம்வரை கறுப்பாகப் பளிச்சென்று காட்டுகிறது, பார்ப்பவர் நம்பிவிடுகிறார். அது 0.01 மி.மீ. வரை காட்டும் என்பது உண்மை. ஆனால் நல்ல 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியருக்கே துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ. என்றுதான் செய்தவர்கள் உறுதி தருகிறார்கள். கிட்டத்தட்ட ஒரு தௌ. அரை தௌ வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெடுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஆனால் கருவியைவிடக் கைதான் பெரிய குற்றவாளி. அவனைக் கேமரா முன்னால் அளந்து காட்டச் சொன்னேன். தோட்டாவின் அடி தாடையில் முழுதாகப் படியவில்லை, ஒரு பக்க விளிம்பில் ஏறி நின்றது. இந்தச் சாய்வைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாய்ந்தால் அளவு குறையும் என்று நினைப்பார்கள். குச்சி போன்ற மெல்லிய பொருளுக்கு அது சரி. தோட்டாவுக்கு அடி தட்டை, ஏறக்குறைய 12 மி.மீ. அகலம். ஒரு விளிம்பில் ஊன்றிச் சாயும்போது, அடியின் மறுபக்கம் தாடையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், அதோடு சேர்ந்து முழுத் தோட்டாவும் முன்னே தள்ளப்படும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 71 மி.மீ. நீளத் தோட்டா ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், முனைவரை அளக்கும்போது அளவு கிட்டத்தட்ட 0.09 மி.மீ. கூடிவிடும். மூன்றரை தௌ! ஒரு டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாது. ஆகவே தோட்டாவைத் தாடைகளுக்கு நடுவே மெல்ல ஆட்டிக்கொண்டே, எண் இறங்கி இறங்கி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கிடைக்கும் மிகச் சிறிய எண்தான் உண்மைக்கு அருகில் உள்ளது. டூல் ரூமில் சேரும் பையன்களுக்கு முதல் வாரமே இந்த ஆட்டலைச் சொல்லிக்கொடுப்போம். கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆகும்.

பிறகு கட்டைவிரல். மைக்ரோமீட்டரில் ராட்செட் இருக்கிறது, குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் கிர்ரென்று நழுவிவிடும். வெர்னியரில் அப்படி எதுவும் இல்லை, உங்கள் கட்டைவிரல்தான் ராட்செட். அழுத்திப் பிடித்தால் நகரும் தாடை சற்றே வளைந்து சாயும், எண் குறையும். இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த எர்ன்ஸ்ட் ஆப்பே 1890இல் சொன்னது: அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டர் இந்த விதியை மதிக்கிறது. வெர்னியர் மதிப்பதில்லை, அளவுகோல் ஓரிடத்தில், பொருள் பக்கவாட்டில். தாடையின் நுனியில் பிடிக்கும்போது பிழை பெருகும், அளவுகோல் உள்ள தண்டுக்கு நெருக்கமாகப் பிடித்தால் குறையும். கம்பாரேட்டரைத் தாடையில் மாட்டும்போதும் முடிந்த அளவு தண்டை ஒட்டி மாட்டுங்கள்.

பூஜ்யம் பார்ப்பது, தாடையைத் துடைப்பது ஆகியவற்றைச் சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பாதிப் புகார்கள் அங்கேதான் முடிகின்றன. ஒரு வெள்ளைத்தாளைத் தாடைகளுக்கு நடுவே லேசாகப் பிடித்து உருவினால் அழுக்கு அதோடு வந்துவிடும். பிறகு தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவே ஒளிக்கோடு தெரியக் கூடாது. பூஜ்யம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. தூரத்திலும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று ஸ்லிப் கேஜ் என்ற துல்லியமான அளவுக் கட்டைகள் இருக்கின்றன, விலை அதிகம். வீட்டில் வைத்துக்கொள்ள நான் சொல்லும் மலிவான வழி ஒரு நல்ல பால் பேரிங். எஸ்.பி. ரோட்டில் 6203 என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் வெளிவிட்டம் 40 மி.மீ., நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் சரியாக இருக்கும். போலிச் சரக்காக இருந்தால் நான் பொறுப்பில்லை.

ஸ்லிப் கேஜ் என்றதும் ஒரு கிளைக்கதை. அதைக் கண்டுபிடித்த கார்ல் எட்வர்ட் யோகான்சன் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்துனா நகரில் அரசு ரைபிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜெர்மனியின் மவுசர் தொழிற்சாலைக்குப் போனபோது, அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி அளவுக் கட்டைகள் குவிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பும் ரயிலில், 1896இல், சில கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து ஆயிரக்கணக்கான அளவுகளை உண்டாக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. முதல் தொகுதியில் 102 கட்டைகள். மனைவியின் தையல் இயந்திரத்தைத் தீட்டும் இயந்திரமாக மாற்றி அவற்றை மெருகேற்றினார் என்பார்கள். நான் பீன்யாவில் தினமும் கையுறை போட்டுத் தொட்ட கட்டைகள் ரைபிள் தொழிற்சாலையில் பிறந்தவை என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வெப்பத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். பித்தளை எஃகைவிட வேகமாக விரியும், ஆனால் தோட்டாவும் வெர்னியரும் சேர்ந்தே பத்து டிகிரி சூடானால் இந்த நீளத்தில் வரும் பிழை 0.005 மி.மீ. அளவுதான். டெக்சாஸ் கோடையானாலும் இதை மறந்துவிடலாம். வெயிலில் கிடந்த தோட்டாவை ஏசி அறை வெர்னியரால் அளக்காமல் இருந்தால் சரி.

இவ்வளவும் செய்த பிறகு, அடுத்த வாரம், ஒரே தோட்டாவைப் பத்து முறை அளந்தால் ஒரு தௌவுக்குள் எண்கள் நின்றன. இப்போதுதான் அவன் கை அளக்கத் தகுதி பெற்றது. அதன் பிறகு பத்துத் தோட்டாவையும் அளந்தான். வித்தியாசம் 2 தௌ.

"அந்த இரண்டையும் எப்படி நீக்குவது, மாமா?"

அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொன்னேன். குண்டை இறக்கும் அச்சுக்குள் ஒரு தண்டு இருக்கிறது. அது குண்டின் வளைவைத் தொட்டுத்தான் அழுத்துகிறது, ஆனால் முனைக்கு அருகே, குறைந்த விட்டத்தில். கம்பாரேட்டர் தொடுவதோ இன்னும் கீழே. இந்த இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள தூரம் குண்டுக்குக் குண்டு கொஞ்சம் மாறும். ஆகவே அச்சு தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் கம்பாரேட்டரில் சிறு வித்தியாசம் தெரியும். குண்டுகளையே முன்கூட்டி அளந்து பிரித்து வைப்பவர்களும் உண்டு. கழுத்தின் பிடி ஒரு கூட்டில் இறுக்கமாகவும் ஒன்றில் தளர்வாகவும் இருந்தாலும் ஆழம் மாறும். பிரைமர் அடிமட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதுவும் நீளத்தில் சேர்ந்துவிடும், அது அளவுப் பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இவை எல்லாம் சரியாக இருந்து மிஞ்சுவது 2 தௌ என்றால், உன் கருவியின் உறுதியே ஏறக்குறைய ஒரு தௌதான், இன்னும் நுணுக்கமாகத் தேட உன்னிடம் கண் இல்லை என்றேன். சகிப்பு எல்லையைவிட, அதாவது அனுமதிக்கும் வித்தியாசத்தைவிட, பத்து மடங்கு நுண்ணியதாக அளவுக்கருவி இருக்க வேண்டும் என்பது எங்கள் மேசையின் பழைய சட்டம். வேண்டுமானால் மைக்ரோமீட்டர் வாங்கு, டயல் கேஜ் வாங்கு, கொட்டகையைக் குளிரூட்டு. அவன் மனைவியும் அருகில் கேட்டுக்கொண்டிருந்ததால் பேச்சு அத்தோடு நின்றது.

இதே தந்திரம் தோட்டாவில் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவை அவர்கள் தோள் என்றே சொல்கிறார்கள், நம் தையற்காரருக்கு மகிழ்ச்சி. தோட்டா அறைக்குள் போய் நிற்பது அந்தச் சரிவில்தான். சரிவுக்கு நீளம் சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே சரிவின் மேல் 0.400 அங்குல விட்டமுள்ள ஒரு கற்பனை வட்டத்தை .308க்கு விதித்திருக்கிறார்கள். அடியிலிருந்து அந்த வட்டம்வரை அளக்கிறார்கள். அறையைச் சோதிக்கும் கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ கேஜ் 1.634. ஒன்று போக வேண்டும், மற்றது போகக் கூடாது. எண்ணையே படிக்காமல் அளக்கும் இந்த முறைதான் எனக்கு எப்போதும் பிடித்தது.

கூட்டின் வெற்று நீளம் மட்டும் உண்மையிலேயே எளிது. இரண்டு பக்கமும் தட்டையான முகம், வெர்னியரால் நேரே அளக்கலாம். சுடச் சுடப் பித்தளை முன்னோக்கி நீளும். .308க்கு 2.015 அங்குலம் உச்ச எல்லை. அதைத் தாண்டினால் கழுத்து அறையின் முடிவில் இடித்துக் குண்டை நெருக்கும், அழுத்தம் ஏறும். 2.005க்கு வெட்டிவிடுவார்கள். வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கும்போதே அளப்பவர்களுக்குப் பழைய கதைதான், முடியோடு உயரம் அளந்த கதை.

போன வாரம் அவன் ஒரு புகைப்படம் அனுப்பினான். மருந்தும் பிரைமரும் இல்லாமல் செய்த ஒரு பொம்மைத் தோட்டாவைத் தன் மாஸ்டர் கேஜாக வைத்துக்கொண்டிருக்கிறானாம், வேலை தொடங்கும் முன் தினமும் அதைத்தான் முதலில் அளக்கிறானாம். பக்கத்தில் தோட்டாப் பெட்டி. அதன் மேல் ஒட்டிய சீட்டில் தேதி, குண்டின் பெயர், அளவு, அளவுக்குப் பின்னால் தமிழில் இரண்டு சொற்கள்: "என் முழம்."